டிக்கியில் இருந்த டப்பா

"காரைப் பாக்க வரலை தம்பி. டிக்கியத் தொற."

டாக்சி டிரைவர் செபாஸ்டின் சட்டைப் பையில் சாவியைத் தேடினான். பெண் கேட்டு ஆள் அனுப்பினால் வீடு வாசல், வருமானம், குடிப்பழக்கம் என்று விசாரிப்பார்கள். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, மனைவி மகள் சகிதம் டாக்சிப் பக்கம் வந்து டிக்கியைத் திறக்கச் சொல்லும் மாமனார் கொடைக்கானலிலேயே ஒருவர்தான் உண்டு. பரமானந்தம். மதுரை முதலாளி ஒருவரின் ஏரிக்கரை பங்களாவில் வெகுகாலமாக டிரைவர்.

"காரை எவன் வேணாலும் பளபளன்னு வச்சுக்குவான். தொடைக்கிற துணிய எப்படித் தொவைக்கிறான், எங்க வைக்கிறான்னு பாருங்க. பொண்டாட்டிய எப்படி வச்சுக்குவான்னு அதுலயே தெரிஞ்சுபோகும்" என்பது அவர் கட்சி. டாக்சி ஸ்டாண்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

முதலில் தாண்டிக்குடி எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவன் பெண் கேட்டு வந்தான். டயர் துடைத்த துணியும் கண்ணாடி துடைத்த துணியும் ஒரே பையில் கட்டிப்பிடித்துக் கிடந்தன. சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அடுத்து வட்டக்கானல்காரன். துணியை வேலிமேல் காயப்போடுகிறவன் போலிருக்கிறது, அதில் ஒட்டியிருந்த முள் பரமானந்தத்தின் விரலில் ஏறிவிட்டது. "என் முதலாளி வண்டில இந்தத் துணி பட்டா கீறல் விழும்லே! என் மக மேல என்னென்ன விழுமோ?" என்று அவனையும் துரத்திவிட்டார்.

செபாஸ்டின் மூன்றாவது. இவனும் தேறாவிட்டால் மகள் அமலியைப் பெரியகுளத்து அத்தை மகனுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. பாவம், இவனுக்கோ அவளைத் தவிர வேறு பெண் யாரும் கண்ணிலேயே படுவதில்லை. அமலி என்னவோ தனக்கும் இந்தப் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏரிப்பக்கம் இறங்கும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிக்கி திறந்தது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா.

பரமானந்தம் மூடியை நெம்பினார். உள்ளே மூன்று மஞ்சள் துணிகள், தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி இருந்தன. பஜாரில் எல்லா டிரைவர்களும் வாங்குகிற அதே மஞ்சள் துணிதான். ஆனால் அவை இருந்த இருப்பைப் பார்த்ததும் அவர் புருவம் மேலே ஏறியது.

ஒன்றை எடுத்து முகர்ந்தார். இந்த ஊர்ப் பனியில் துணி காய்வதற்குள் ஈர நாற்றம் வந்துவிடும். இதில் இல்லை. உதறிப் பார்த்தார். ஒரு மண் துகள் விழவில்லை. பூசைக்காக மழித்த கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணாடிக்கு ஒண்ணு, பாடிக்கு ஒண்ணு, டயருக்கு ஒண்ணு. சபாசு! என்ன சோப்பு தம்பி போடுற?"

"சோப்பா? அது வந்துண்ணே..."

"சவுக்காரம் போட்டா வெறைச்சுப் போகுமே. வெறும் வெந்நியில அலசியிருப்பாரு" என்றாள் அமலி, மூடுபனியைப் பார்த்தபடியே.

"ஆமாண்ணே, வெந்நிதான்!"

"எங்க காயப்போட்ட?"

செபாஸ்டின் திருதிருவென்று விழித்தான். அமலி வெயில் படுவதுபோல் முக்காட்டை நெற்றிக்கு இறக்கிக்கொண்டாள்.

"நெழல்லண்ணே! வெயில் படாம, நெழல்லதான்!"

"கேட்டியா சூசை?" என்று மனைவி சூசையம்மாளிடம் பெருமைப்பட்ட பரமானந்தம், அடுத்த நிமிஷமே மகள் பக்கம் திரும்பினார். "நீயும்தான் தொவைக்கிறியே! நேத்து நீ தொவச்சுப் போட்ட என் துணிய நான் இன்னும் எடுத்தே பாக்கலை. பாக்காமலே சொல்றேன், அப்பளம் மாதிரி முடமுடன்னுதான் இருக்கும். இந்தத் தம்பியோட துணியத் தொட்டுப் பாரு. தொட்டுப் பாருங்கிறேன்ல!"

அமலி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "சுமாராத்தான் இருக்குப்பா."

"சுமாராவா? கொழுப்பப் பாரு! இவன்கிட்ட ஒரு மாசம் தொவைக்கக் கத்துக்கணும் நீ."

"ஏங்க, துணி நல்லாருந்தா ஆளும் நல்லவனாயிருவானா?" என்றாள் சூசையம்மாள் தயங்கித் தயங்கி.

"நீ சும்மா இரு. இத்தனை வருசமா வண்டி ஓட்டுறவன் நான். துணியத் தொட்டாலே அது யாரு கைன்னு சொல்லிருவேன்."

டப்பாவை மூடி, கோயில் பண்டத்தைத் தருவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"ரொம்ப சந்தோசம்ணே" என்றான் செபாஸ்டின், டப்பாவை வாங்கிக்கொண்டு.

"இன்னும் என்னலே அண்ணே? மாமான்னு கூப்பிடு!" முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "சாமியாரு எங்கயும் கெளம்புறதுக்கு முந்திப் போய்ப் பாத்து, அடுத்த வாரமே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிட்டு வாரேன். நீயும் வா சூசை."

இருவரும் சாமியார் வீட்டுக்குள் நுழைந்து மறையும்வரை அமலி அசையவில்லை. பிறகு விறுவிறுவென்று டிக்கி அருகே வந்து, ஜெபப் புத்தகம் வைத்திருந்த பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"டப்பாவ நீங்களே வச்சுக்கங்க, துணிய மட்டும் வெரசாக் குடுங்க. வீட்டுக்குப் போனதும் அப்பா வண்டி தொடைக்க அவரு துணியத் தேடுவாரு. எடுத்துப் பாத்து, முடமுடன்னு இருக்குன்னு என்னைய வையணும்ல!"