வட்டத்துக்குள் ஒரு வீடு

கதவைத் திறந்தாள். தொப்பலாக நனைந்து டிரைவர் நின்றிருந்தார்.

"அக்கா, ஆபீஸ் கேட்டு பூட்டியிருக்கு. உங்க வீட்டுக்குள்ள நின்னாலும் பச்சை விழும்தானே?"

விழும் என்று தலையசைத்து வழிவிட்டாள். அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டியதுதான் அவள் வீடு.

புயலுக்காக அலுவலகத்தை மூடியாயிற்று. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்று ஆணையும் போட்டாயிற்று. வருகைப்பதிவுச் செயலியிடம்தான் யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தைச் சுற்றி அது போட்டுவைத்திருக்கும் வட்டத்துக்குள் நின்று போனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால்தான் பச்சை விழும். பத்து மணிக்குள் விழாவிட்டால் ஆப்சென்ட். தற்காலிகப் பணியாளர் என்றால் சீட்டே கிழிந்துவிடும்.

ஆகவே, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக எல்லோரும் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

அடுத்து டைப்பிஸ்ட் வந்தாள். அவள் குடை எலும்பும் தோலுமாக இருந்தது. கணக்கர் தன் மனைவியின் பூப்போட்ட மழைக்கோட்டில் வந்தார். சிரிக்க யாருக்கும் நேரமில்லை.

கடைசியில் அலுவலரே வந்தார். வாசலில் விட்டால் மிதந்துவிடும் என்று செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தால் செயலிக்கு ஆள் தெரியாது.

கூடத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. டைப்பிஸ்ட் தற்காலிகம், விழுந்ததும் அழுதேவிட்டாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்து டீ தந்தாள் வீட்டுக்காரி.

அலுவலருக்கு மட்டும் விழவில்லை. கூடத்தின் நாலு மூலையிலும் நின்று பார்த்தார். போனில் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்தாக இரண்டு நிமிடம்தான் பாக்கி.

"உள் ரூம்ல கட்டில் பக்கம் போய் நில்லுங்க சார். அங்கதான் நல்லா எடுக்கும்."

போய் நின்றார். உடனே விழுந்தது.

அறையை விட்டு வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தபோதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன மாதம் அந்தக் கட்டிலில் மகன் காய்ச்சலாகக் கிடந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவள் வருகையைப் பதிந்தாள். வேலைக்கு வராமல் வீட்டிலிருந்தே பதிந்தது மோசடி என்று அவள் சீட்டைக் கிழித்தவர் அவர்தான்.