ரிப்பனுக்குப் பின்னால் இரண்டு லோரிகள்

செபராங் பிறையின் தென்கோடி மக்கள் அனைவரும் எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி இது: எந்தப் புயலுக்கும் அசையாத மின் பராமரிப்பு நிலையம் ஒன்று, 1981ஆம் ஆண்டில், சுங்கை பாக்காப்பில் எழுந்தே விட்டது.

வடிவமைத்தவர் கிராம மின் கழகத்துப் பொறியாளர் ஸ்ரீஸ்கந்தராஜா. ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஏழு மாதம் காற்றை ஆராய்ந்தவர்.

நான்கு பக்கமும் கான்கிரீட். சன்னல் கிடையாது. காற்று நுழையக் கூடாது என்பதால் வாசலும் ஒன்றே ஒன்று.

அந்த வாசலின் குறுக்கேதான் இப்போது சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பத்து மணிக்குத் திறப்பு விழா; அரசுப் பட்டம் பெற்ற பிரமுகர் டத்தோ வந்து வெட்டுவார்.

விடியற்காலையில் கடல் தாண்டி வரும் சுமத்ராச் சூறைக்காற்று அடித்தது. வட்டாரத்தில் எட்டு மின்கம்பங்கள் சாய்ந்தன. நிலையத்தில் ஒரு சுண்டுவிரல் அளவு பெயிண்ட்கூட உதிரவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா சுற்றிவந்து சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

கம்பம் நிமிர்த்தும் லோரிகள் இரண்டும், ஏணி, கயிறு, ரம்பம் எல்லாமும் உள்ளே பத்திரமாக இருந்தன.

லைன்மேன்கள் ஆறு பேரும் வெளியே இருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு மஹ்பூபா வந்தார். நிலையத்துக்குப் பின்னால் கோழிக்குஞ்சு பொரிக்கும் கொட்டகை வைத்திருப்பவர்; கணவர் போனபின் அவருக்கு இருக்கும் ஒரே பிழைப்பு அதுதான். மின்சாரப் பெட்டிகளில் நாலாயிரம் முட்டைகள், நாளை மறுநாள் பொரிக்கவேண்டியவை. சூடு நின்று மூன்று மணி நேரமாகிறது, உச்சிவேளை தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது என்றார்.

போர்மேன் ராமதாஸ் கம்பி வெட்டும் கத்தரியோடு ரிப்பன் அருகில் போனார். பொறியாளர் குறுக்கே நின்றார். கல்வெட்டில் டத்தோவின் பெயரைச் செதுக்கியாகிவிட்டது, அவருக்கு முன் வேறொருவர் திறந்தால் கல்வெட்டு பொய்யாகிவிடும் என்று விளக்கினார். மீறினால் காரணம் கேட்டுக் கடிதம் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பதினோராயிரம் வோல்ட் கம்பிய வெட்டுன கை சார் இது," என்றார் ராமதாஸ். "இந்த ரெண்டு விரல் துணியப் பாத்துத்தான் நடுங்குது."

"வெட்ட வேணாம் தம்பி," என்றார் மஹ்பூபா. "அவுத்துட்டு லோரிய விடுங்க. டத்தோ வர்றதுக்குள்ள நானே திரும்பக் கட்டித் தரேன் லா."

பொறியாளர் உண்மையிலேயே யோசித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முடிச்சை அருகில் போய்ப் பார்த்தார். பினாங்குப் பூக்கடையிலிருந்து ஆள் வந்து, தாமரைப் பூவாக விரித்துக் கட்டிய முடிச்சு. இதைப்போல் மறுபடி கட்ட இங்கே யாராலும் ஆகாது என்று தீர்ப்பளித்தார்.

பத்தரைக்குப் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டு மைல் தள்ளிச் சாலையில் மரம் ஒன்று மின்கம்பியோடு விழுந்து கிடக்கிறதாம். டத்தோவின் கார் அந்தப் பக்கம் நிற்கிறதாம். மின் கழகத்து லோரி வந்து அகற்றட்டும் என்று டத்தோ காத்திருக்கிறாராம்.

ஸ்ரீஸ்கந்தராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டத்தோ வந்ததும் லோரியை அனுப்பிவிடலாம் என்றார்.

மஹ்பூபா மண்ணெண்ணெய் விளக்கு தேடிக் கொட்டகைக்கு ஓடினார்.

டத்தோ பொறுமையிழந்து, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. ராமதாஸ் நடந்ததைச் சொன்னார். டத்தோ சேற்றுக்காலைப் புல்லில் தேய்த்தபடி கேட்டார்.

"அட, நீங்களே வெட்டிட்டுப் போயிருக்கலாமே. எனக்கு வேற ஒண்ணு கட்டியிருந்தா போதும்."

வெட்டினார். கை தட்டினார்கள். லோரிகள் புறப்பட்டன.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தபோது நாலாயிரம் முட்டைகளும் செத்துப்போயிருந்தன.