வெண்பூச்சு

காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் திராட்சை வெட்டு நடக்கிறது. பந்தலுக்கடியில் இன்னும் வெயில் படவில்லை, ஆனாலும் நாகஜோதிக்கு ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. போன மாதம் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது; கத்தரிக்கோல் பிடித்த கை நிற்காமல் ஆடுகிறது. குலையைக் காம்பில்தான் பிடிக்க வேண்டும். பழத்தில் விரல் பட்டால் அதன்மேல் படிந்திருக்கும் வெண்பூச்சு அழிந்துவிடும், வியாபாரி பழைய சரக்கென்று கழித்துவிடுவான். இந்தக் குலையிலும் அவள் விரல் பட்டு, கறுப்பாய் நாலு தடம் விழுகிறது.

"காம்பப் பிடிடி! எத்தன வாட்டி சொல்றது?" பெட்டியடியில் காகிதம் விரித்துக்கொண்டிருக்கும் மாமியார் கருத்தம்மாள் கத்துகிறாள்.

"மாத்திரையாலதான் அத்தை நடுங்குது. ரத்தம் பாத்து அளவக் கொறைக்கணும், வான்னு டாக்டர் சொல்லிருக்காக. சொன்ன நாளும் தாண்டிப்போச்சு."

"வெட்டு முடியட்டும். வேலையின்னா நடுங்குது, சோத்துக்குன்னா கை நல்லா நீளுதுல்ல?"

பக்கத்து வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். நாகஜோதி கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாள். பெட்டியில் இருப்பதிலேயே பெரிய குலையைத் தூக்கி, முந்தானையால் மேலிருந்து கீழாக, ஒரு பழம் விடாமல் நிதானமாகத் துடைக்கிறாள். ஆடும் கையில் குலை கன்னங்கரேலென்று மின்னுகிறது. அதை மாமியாரின் மடியில் போடுகிறாள்.

"இது நடுங்கிப் பட்டதில்ல அத்தை."