அரை மாத்திரை

“கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதம்மா. பாவம், வாயில்லா ஜீவன்.”

“வாயில்லாத ஜீவனா? வாய் இருக்கிறதுதான் மாமா பிரச்சினையே. திறக்க மாட்டேங்குது!”

பூனையைத் துண்டால் கழுத்துவரை இறுகச் சுற்றி, மடியில் இடுக்கிக்கொண்டிருந்தாள் மருமகள். சுற்றாவிட்டால் பிறாண்டிவிடும். அவள் கைகளில் ஏற்கெனவே கோடு கோடாய்ச் சிவந்திருந்தது.

பூனைக்குக் குடலில் புழு. வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு, பார்க்கவே சகிக்கவில்லை. மலத்தில் அரிசி அரிசியாய் நெளிந்ததைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கால்நடை டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் அரை.

“ஒரு நாள்கூடத் தவறக் கூடாதும்மா. இதுக்கு மேல இது தாங்காது” என்று எச்சரித்தும் இருந்தார்.

மீனுக்குள் வைத்துப் பார்த்தாள். மீனை வழித்து நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் மிச்சம் வைத்தது. பாலில் கரைத்தாள். மோந்து பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் துண்டுதான் வழி.

மாத்திரையை நகத்தால் கீறி உடைத்தாள். ஒரு பாதியை அடித்தொண்டைக்குத் தள்ளி, வாயைப் பொத்தி, கழுத்தைத் தடவிவிட்டாள். மறுபடி வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். காலி.

“விட்டுடேம்மா. வேண்டாம்னு சொல்ற உயிரை எதுக்கு இழுத்துப் பிடிக்கணும்?” என்றார் மாமனார்.

“நல்லா இருக்கு நியாயம்! வேண்டாம்னா விட்டுடறதா? அத்தை ஆசை ஆசையா வளர்த்தது. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பொண்ணு என்னை உரிச்சு உப்பு தடவிடுவா.”

நாத்தனாருக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை அவள். பயமெல்லாம் மாமாவை நினைத்துத்தான். பூனை எந்நேரமும் அவர் மடியிலேயே கிடக்கும் என்பதால் அத்தை அதற்குச் ‘சின்னவ’ என்று பெயர் வைத்திருந்தாள். “உங்க சின்னவ வந்துட்டா, கொஞ்சுங்க” என்று சீண்டுவாள். அத்தை போன பிறகு அந்த மனுஷர் வாய்விட்டுப் பேசுவது இந்தச் சின்னவளோடு மட்டும்தான். இதுவும் போய்விட்டால் இவரும்...

அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மாமாவின் இதய மாத்திரையை டம்ளர் பக்கத்தில் வைத்தாள். உள்ளே குக்கர் கத்தியது. ஓடினாள்.

“மாமா, மாத்திரை போட்டாச்சா?” அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“போட்டாச்சும்மா.”

இந்த விஷயத்தில் மாமா தங்கம். பொய் சொல்ல நாக்கு வளையாத மனுஷர். அதனாலேயே ஆபீசில் கடைசிவரை குமாஸ்தாவாக இருந்து குமாஸ்தாவாகவே வெளியே வந்தவர். “பூனைக்கு இருக்கிற வீம்புல கால்வாசி அவருக்கு இருந்தா நான் பாயைப் பிறாண்டிட்டு இருப்பேன்” என்று எதிர்வீட்டுக்காரியிடம் பெருமையடித்திருக்கிறாள்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், பூனையின் தட்டில் ஈரமாய் ஒரு வெள்ளை மாத்திரை.

“பார்த்தீங்களா மாமா, திருட்டுத்தனத்தை! எங்கேயோ ஒளிச்சு வச்சிருந்து, என் தலை மறைஞ்சதும் துப்பியிருக்கு. அதுவும் தரையில இல்ல, தட்டுல!”

“உங்க அத்தை வளர்ப்பாச்சே. ஒழுங்கு தப்பாது.”

மாமா சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. பாதங்களும் வீங்கினாற்போல் இருந்தன. நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

தினமும் இதே கூத்து. மறுபடி ஒருமுறை மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. துப்பியதையெல்லாம் அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு காகிதத்தில் தள்ளி மடித்து வைத்தாள். டாக்டரிடம் ஆதாரத்தோடு பேச வேண்டுமே.

வாரம் முடிந்ததும் டாக்டர் பூனையை எடை போட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மலத்தைச் சோதித்துவிட்டு வந்தார்.

“புழு ஒண்ணுகூட இல்ல. எடையும் ஏறியிருக்கு. ஒழுங்கா கொடுத்திருக்கீங்க.”

“நான் கொடுத்து என்ன பிரயோசனம்? எல்லாத்தையும் துப்பிடுச்சே டாக்டர். இந்தாங்க, நீங்களே பாருங்க.”

காகிதத்தை மேஜையில் பிரித்துப் போட்டாள். டாக்டர் விரலால் விலக்கிப் பார்த்தார்.

“நான் அரை மாத்திரைதானே சொன்னேன்?”

“அரைதான் கொடுத்தேன். நானே உடைச்சு, நானே...”

குனிந்து பார்த்தாள்.

காகிதத்தில் கிடந்தவை அத்தனையும் முழு மாத்திரைகள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடையிலிருந்து குதித்த பூனை, நேராக மாமாவின் மடிக்குத் தாவியது.

“பிழைச்சுக்கிட்டாளா சின்னவ?”

“பிழைச்சுக்கிட்டா, மாமா.”

“அப்பாடா. இனிமே அவளை நீ பார்த்துப்பே.” சுமையை இறக்கி வைத்தவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு வாரமாகப் பூனையின் நாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவள், மாமாவின் முகத்தை இப்போதுதான் பார்த்தாள். அடுக்களைக்குப் போகவில்லை. அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“மாமா, இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?”

“போட்டாச்சும்மா.”

“எங்கே போட்டீங்க, மாமா?”