சேர்மனுக்கான குளிர்

ஜாதவ்பூரில் இன்று திறக்கப்படும் அலுவலகத்தின் ஏழாம் மாடியில், மண்டல மேலாளர் அனந்தகிருஷ்ணன் விழா அறையின் சுவரோடு ஒட்டி நிற்கிறார். கையில் ஆவி பறக்கும் மண்குவளைத் தேநீர். அறையின் சூட்டை அளக்கும் சுவர்க் கருவிக்கு நேர் கீழே அதைத் தீபாராதனை காட்டுவதுபோல் பிடித்திருக்கிறார். அறை கொதிப்பதாக நம்பிய ஏசி பெட்டி, கூரைக்குள் காற்றை விடும் தன் தகட்டை முழுவதும் திறக்கிறது. மேசை விரிப்பு படபடக்கிறது. சேர்மன் உட்காரப்போகும் நாற்காலியின் மேல் குளிர் கொட்டுகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஊழியர் கூடத்தில் ஒரு காகிதம்கூட அசையவில்லை. எட்டு மாத வயிற்றோடு ஹம்சினி கோப்பு அட்டையால் விசிறிக்கொள்கிறாள்; உதடு வெளுத்திருக்கிறது. ஏசி பெட்டிகளைச் சரிபார்த்து ஓடவிட வந்திருக்கும் ஜெகன் ஏணியிலிருந்து கத்துகிறான்: "சார், ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஃபேன்தான். நீங்க இங்க இழுத்தா அங்க காத்தே போகாது. அந்தக்கா மயங்கிடுவாங்க!" "அவளுக்குத்தான் ஜன்னலோரமா சீட் போட்டுக் குடுத்திருக்கேனே." அந்த ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடி, அதன் மேல் கொல்கத்தாவின் மே மாத வெயில். சேர்மன் வருகிறார். இரண்டடி வைத்ததும் கைக்குட்டையால் தொண்டையைப் பொத்திக்கொள்கிறார். "பாப்ரே, கீ டாண்டா! பந்தோ கொரோ." அவர் நிறுத்தச் சொன்னது குளிரை; அனந்தகிருஷ்ணன் ஓடிப்போய் மாடி முழுவதற்குமான விசிறியையே அணைக்கிறார். இரைச்சல் அடங்குகிறது. ஹம்சினி மேசையைப் பிடித்து எழுந்து, சுவரைத் தடவியபடி படிக்கட்டுப் பக்கம் நடக்கிறாள். "ஃபங்ஷன் முடியறவரைக்கும் உக்காரக்கூடவா தெம்பில்லை?" என்கிறார் மேலாளர், சேர்மனுக்காக எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டத் தொடங்கியபடி.