சின்ன ர, பெரிய ற

நான்காவது முறையாக அதே கேள்வி வந்திருந்தது.

'பக்கம் 112, கடைசி வரி. சின்ன ர-வா, பெரிய ற-வா? உடனே தெரிவிக்கவும்.'

தபால் கார்டை அவள் மேஜைமேல் எறிந்தாள்.

"யாரு, உன் ரசிகரா?" கணவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான்.

"ரசிகராம். கொசு மாதிரி காதுகிட்டயே சுத்தறார்."

பன்னிரண்டு கதைகள். ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருஷம் எழுதியவை. புத்தகமாக வந்தபோது, வாசகர்கள் எழுதுவார்கள் என்ற ஆசையில் முதல் பக்கத்திலேயே வீட்டு முகவரியைப் போட்டிருந்தாள்.

எழுதினார்கள். ஒரே ஓர் ஆள்.

'பக்கம் 17, வரி 6. அவள் அரையில் உட்கார்ந்திருந்தாள் என்று இருக்கிறது. அறைதானே?'

'பக்கம் 58, வரி 3. கரையா, கறையா?'

இருபது கார்டுகள். முதலில் மரியாதையாகப் பதில் போட்டாள். அப்புறம் ஒற்றை வார்த்தையில். கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வரி? கிடையாது.

"ஒரு எழுத்துதானே, சொல்லிட்டுப் போயேன்" என்றான் கணவன். "ஆபீஸ்ல ஒரு எழுத்து மாறினா ஊரையே கூட்டற ஆளு நீ."

அதுதான் சுட்டது. வீட்டை விட்டு ஓடிப்போனவன், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து பூட்டிய கதவின் முன் நிற்கிற கதைதான் அந்த 112ஆம் பக்கத்தில் முடிவது. அவளுக்கு மிகப் பிடித்த கதை. அதன் கடைசி வரி: 'முடிவில் அவன் அந்த வாசலிலேயே இறந்தான்.'

அச்சில் 'இரந்தான்' என்று வந்துவிட்டது. இறந்தவன் பிச்சை கேட்டு நிற்கிறான். அச்சுக்கு முன் பிழை திருத்தியவள் அவளே. யாரைக் கோபித்துக்கொள்வது? இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை.

ஒரு கார்டை எடுத்தாள். நடுவில் பெரிதாக 'ற' என்று மட்டும் எழுதினாள்.

"தபால்ல போடப் போறியா?"

"இல்ல. நேர்லயே போய் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டு, நாலு கேள்வியும் கேட்டுட்டு வரேன்."

கார்டிலிருந்த முகவரி ஒரு பூட்டு ரிப்பேர் கடையைக் காட்டியது. முன்னால் கடை, பின்னால் வீடு. சாவி அராவிக்கொண்டிருந்தவர் அவள் பெயர் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"வாங்கம்மா, வாங்க! சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சார், ஒரு நிமிஷம்." வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆரம்பித்தாள். "ஒரு புத்தகத்துல தப்பு மட்டும்தான் இருக்குமா? கதை எப்படி இருந்துதுன்னு ஒரு வரி எழுத உங்களுக்கு மனசு வரலையே?"

அவர் விழித்தார்.

"கதையா? நான் எங்க கதையைப் படிச்சேன்மா? எழுத்து எழுத்தாத்தான் பார்த்துட்டு வரேன்."

"அப்ப எதுக்கு சார் இத்தனை கார்டு?"

"படிக்கிறவ உள்ள இருக்கா. வாங்க."

உள்ளே மேஜையில் அட்டை மாதிரி கனத்த தாள்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் வெட்டிய இரும்புச் சட்டம். ஆணிபோல ஒரு குச்சி. பக்கத்தில் அவள் புத்தகம், 112ஆம் பக்கத்தில் விரித்தபடி.

"அவளுக்குக் கண்ணு போய் அஞ்சு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் லைப்ரரியையே முழுங்கினவ. இந்தத் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தை ரெண்டு பேருமாத்தான் கத்துக்கிட்டோம்" என்றார். "ஒரு எழுத்து தப்பாக் குத்திட்டா அழிக்க முடியாதும்மா, தாளே வீண். உங்க புத்தகத்துல இந்த ர-வும் ற-வும் இஷ்டத்துக்கு மாறிக் கிடக்கு. நானா ஒண்ணைக் குத்தி வெச்சு, அது நீங்க எழுதாததா இருந்துட்டா?"

ஜன்னலோரம் அவர் மனைவி. மடியில் ஒரு தாள். விரல்கள் கடைசி வரியின் பாதியில் நின்றிருந்தன. அதற்குமேல் தாள் வழுவழுவென்று காலி.

"எழுதினவங்க வந்திருக்காங்க" என்றார் பூட்டுக்காரர்.

அந்த அம்மாள் கையை நீட்டினாள். அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு கதை முடிச்சுட்டேன். இதான் கடைசி. அந்த மாமியார் சாவியை மாவு டப்பாவுல ஒளிச்சு வைக்கிற இடம் இருக்கே... நான் சிரிச்ச சிரிப்புல இவரு கடையைப் போட்டுட்டு ஓடி வந்துட்டாரு. நல்லா இருப்பீங்கம்மா. என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கதை சொன்னீங்க."

அவள் எட்டு வருஷம் காத்திருந்த கடிதம் அது.

"இந்த வாசல்ல நிக்கறவன்தான் மனசை விட்டுப் போக மாட்டேங்கறான். பெரிய ற-ன்னா செத்துட்டான். சின்ன ர-ன்னா, உள்ள விடும்மான்னு கெஞ்சிட்டு நிக்கறான், இல்லையா?"

"ஆமாம்மா."

"நீங்க பதில் போடாத இந்த ரெண்டு மாசமும் நான் அவனைச் சாக விடல."

பூட்டுக்காரர் மனைவியிடமிருந்து தாளை வாங்கிச் சட்டத்தில் பொருத்தி, குச்சியை எடுத்துக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா."

'ற' எழுதிய கார்டை எடுக்கக் கைப்பையைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

"புத்தகத்துல சரியாத்தான் சார் போட்டிருக்கு" என்றாள். "சின்ன ர. குத்துங்க."