தொலைந்த எட்டு நொடி

சோதனை வண்டி சுரங்கப்பாதையைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. உள்ளே இருந்த எட்டு நொடியும், வண்டியின் திரைக்குப் படம் கொண்டுவரும் ஒளிபரப்பு அலை முழுதாக அறுந்திருந்தது.

"இனிமேதான் இருக்கு கச்சேரி," என்றார் மேலாளர்.

வழியில் இழப்பு இருக்கும் என்று தெரிந்தே, படத்தோடு உபரியாகச் சில துண்டுகளையும் கலந்து அனுப்புவது எங்கள் முறை. முன்னும் பின்னும் வந்துசேர்ந்ததை வைத்து, தொலைந்ததை நாங்கள் எழுதிய நிரல் மீட்க வேண்டும். அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் திரையில் எல்லாவற்றையும் இருபது நொடி தாமதமாக ஓடவிட்டிருந்தோம்.

மீளாவிட்டால் மறுநாள் எங்கள் பிரிவு கிடையாது. மூன்று வருட உழைப்பு. நாலு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போக வேண்டியதுதான்.

திரையில் என் மனைவி செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள்.

படத்தில் எப்போதும் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கமாக கேமரா முன்னால் ஒரு மேசை விசிறியைச் சுழலவிடுவோம். அன்று காலை அது புகைந்துபோனது.

ஒளிபரப்புக் கோபுரத்துக்கு நேரெதிரே இருந்ததால் கேமராவை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். "இங்க கொடுங்க, நான் ஆட்டறேன்," என்று அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

"சார், அக்கா கை கழண்டுடும். போய் நீங்கதான் அமுக்கி விடணும்," என்றார் ஓட்டுநர்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த எட்டு நொடியின் முறை வந்துவிட்டது.

செய்தித்தாள் பாதியில் நின்றது.

"போச்சுய்யா. உறைஞ்சு போச்சு," என்றார் மேலாளர்.

நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் இமைகூட அசையவில்லை.

நான்காவது நொடியில் எழுந்தாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்னால் போனாள். திரைச்சீலையை ஒதுக்கினாள். இறுகிக் கிடந்த ஜன்னலைத் தோளால் முட்டித் திறந்தாள்.

வெளிச்சம் படம் முழுவதையும் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

எல்லாப் புள்ளியும் ஒரே நொடியில் மாறுகிற இப்படி ஒரு படத்தை மீட்பதுதான் ஆகக் கடினம். அதைச் சோதனையில் சேர்க்க எங்களுக்கே துணிச்சல் வந்ததில்லை.

ஒரு கட்டம்கூட உடையவில்லை. காற்றில் எழும்பிய தூசிகூடத் தெரிந்தது.

மேலாளர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். "பலே ஆளுய்யா நீ! எங்களைக் கதிகலங்க வெச்சிட்டு, வீட்ல கமுக்கமா ஒத்திகை பாத்திருக்க!"

ஓட்டுநர் காரணமே இல்லாமல் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஒத்திகை எதுவும் இல்லை என்று இன்றுவரை மேலாளரிடம் சொன்னதில்லை.

அது எங்கள் மகளின் அறை. அவள் இறந்த அன்று என் மனைவி சாத்திய ஜன்னல் அது.